வளரும் கால்கள்: காத்திருக்கலாமா, விரைய வேண்டுமா?

குழந்தை நடக்கத் தொடங்கியதும் வீட்டில் உள்ள அனைவரின் பார்வையும் அதன் கால்கள்மீதே பதிகிறது. பாதம் தட்டையாக இருக்கிறது, முட்டிகள் இரண்டும் இடிக்கின்றன, பாதத்தை உள்பக்கம் திருப்பி நடக்கிறது என்னும் கவலைகளுடன் பெற்றோர் பலர் எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருகின்றனர். அவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுவதில்லை; விளக்கமே போதுமானதாக இருக்கிறது. அதேவேளையில், சில மாதங்களுக்கு முன்னரே வந்திருந்தால் எளிதில் சரிசெய்திருக்கக்கூடிய குறைகளுடன் தாமதமாக வரும் குழந்தைகளையும் காண்கிறோம். எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காலம் தாழ்த்தக் கூடாது என்பதைப் பெற்றோருக்கு உணர்த்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயதோடு மாறுபவை

பிறந்த குழந்தையின் கால்கள் வில்போல் வெளிப்புறம் வளைந்திருப்பது இயல்பு. ஏறத்தாழ 2 வயதில் அவை நேராகின்றன. 3 முதல் 4 வயதில் இதற்கு நேர்மாறாக, முட்டிகள் ஒன்றையொன்று தொட, கணுக்கால்கள் விலகி நிற்கும். 7 அல்லது 8 வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுவும் தானாகவே சீராகிவிடும். ஆனால் ஒரு கால் மட்டும் வளைந்திருத்தல், 2 வயதுக்குப் பின்னரும் வில் வளைவு கூடிக்கொண்டே போதல், வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, மணிக்கட்டு எலும்புகள் பருத்திருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டால் பரிசோதனை அவசியம். வைட்டமின் டி அல்லது கால்சியம் குறைவால் வரும் ரிக்கெட்ஸ் நோய் இவ்வாறு வெளிப்படலாம். எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை ஆகியவற்றால் இதனை உறுதிசெய்து மருந்தால் குணப்படுத்த இயலும். பரிசோதனையின்றி வைட்டமின் டி மருந்துகளைத் தாமாகவே கொடுத்தல் தீங்கு விளைவிக்கும்.

சிறு குழந்தைகளின் உள்ளங்காலில் கொழுப்புத் திசு நிறைந்திருப்பதால் பாதம் தட்டையாகத் தோன்றும். குழந்தையை நுனிக்காலில் நிற்கச் செய்து பாருங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தோன்றினால், அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லையெனில் சிகிச்சை தேவையில்லை. விலை உயர்ந்த சிறப்புக் காலணிகளால் பாத வளைவை உருவாக்க முடியாது. வளைவு தோன்றாமல் பாதம் இறுகியிருந்தாலோ வலித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாதங்களை உள்பக்கம் திருப்பி நடக்கும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தொடை எலும்பு சற்றே உள்நோக்கித் திருகியிருக்கும். இரு கால்களையும் பின்புறமாக மடக்கி, நடுவே அமர்வது அவர்களுக்கு எளிதாக இருக்கும். ஏறத்தாழ 8 முதல் 10 வயதுக்குள் பெரும்பாலோருக்கு இது சரியாகிவிடுகிறது.

பிறந்தவுடன் கவனிக்க வேண்டியவை

பாதம் உள்நோக்கியும் கீழ்நோக்கியும் மடங்கிய நிலையில் பிறப்பது பிறவி வளைபாதம் எனப்படும். எண்ணெய் தேய்த்து உருவிவிட்டால் சரியாகும் என்று காத்திருத்தல் கூடாது. அமெரிக்காவின் அயோவா நகரில் பணியாற்றிய மருத்துவர் இக்னாசியோ பொன்செட்டி வகுத்த முறையே இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கி, வாரம் ஒருமுறை மாவுக்கட்டை மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்புகிறோம். பொதுவாக 5 அல்லது 6 கட்டுகள் தேவைப்படும். பின்னர் பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாரைச் சிறு கீறல் மூலம் தளர்த்த வேண்டியிருக்கும்.

பாதம் நேரானதும் சிகிச்சை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதன்பின் அணிவிக்கப்படும் இணைப்புக் காலணியே பயனை நிலைக்கச் செய்கிறது. முதல் 3 மாதங்கள் நாளொன்றுக்கு 23 மணி நேரமும், பின்னர் 4 வயது வரை உறங்கும் நேரங்களிலும் அதனை அணிவிக்க வேண்டும். குழந்தை அழுகிறதே என்று இடையில் நிறுத்தினால் வளைவு மீண்டும் திரும்பக்கூடும்.

இடுப்பு மூட்டு கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் வளர்வது மற்றொரு குறை. இதில் வலி இராது. ஆகவே எளிதில் தெரியாது. பெண் குழந்தைகள், கருப்பையில் தலை மேலாக இருந்தவர்கள், குடும்பத்தில் எவருக்கேனும் இக்குறை இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். தொடைகளை விரிக்கும்போது ஒரு பக்கம் இறுக்கமாக இருத்தல், கால்கள் நீளத்தில் வேறுபடுதல் ஆகியவை அறிகுறிகள். 6 மாதத்திற்குள் கண்டறிந்தால் பெரும்பாலும் வார்ப்பட்டை அணிவித்தே சரிசெய்யலாம். நடக்கத் தொடங்கிய பின் தெரியவந்தால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். குழந்தையின் கால்களை நேராக நீட்டித் துணியால் இறுகச் சுற்றுவது இடுப்புக்கு நல்லதன்று. நம் தாய்மார் இடுப்பில் அமர்த்தித் தூக்கும் வழக்கம் கால்களை விரித்த நிலையில் வைப்பதால் நன்மையே செய்கிறது.

இவ்விரு குறைகளும் ஆர்.பி.எஸ்.கே. எனப்படும் தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தில் அடங்கியுள்ளன.

முழங்கால் வலியா, இடுப்பா?

இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் உணர்வு தரும் நரம்புகள் பொதுவானவை. ஆதலால் இடுப்பில் உள்ள நோய் முழங்கால் வலியாக வெளிப்படலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, குறை ஏதுமில்லை என்று திரும்பிவிடுவது இதனால்தான் ஆபத்தாகிறது.

4 முதல் 8 வயதுச் சிறுவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் பெர்த்தஸ் நோயில், தொடை எலும்பின் தலைப்பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் குறைகிறது. வலி சிறிதாகவும் நொண்டல் பெரிதாகவும் இருக்கும். 10 முதல் 16 வயதில், குறிப்பாக உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கு, அதே தலைப்பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவக்கூடும். தொடை அல்லது முழங்கால் வலியுடன் பாதம் வெளிப்புறம் திரும்பியிருப்பின், பிள்ளையை நடக்கவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வர வேண்டும். உரிய நேரத்தில் திருகாணி பொருத்தினால் மேலும் நழுவாமல் தடுக்க முடியும்.

விளையாட்டும் இரவு வலியும்

ஓடியாடும் பிள்ளைகளுக்குக் குதிகாலிலோ முழங்காலுக்குச் சற்றுக் கீழே உள்ள எலும்பு மேட்டிலோ வலி வருவதுண்டு. தசைநார் இழுப்பதால் வளர்ச்சிப் பகுதியில் ஏற்படும் இவ்வலி, விளையாட்டைச் சிறிது குறைத்தல், பனிக்கட்டி ஒத்தடம், தசை நீட்டல் பயிற்சி ஆகியவற்றால் தணியும். வளர்ச்சி நிறைவடையும்போது நின்றுவிடும்.

இரவில் இரு கால்களும் வலிப்பதாக அழுது, பிடித்துவிட்டதும் உறங்கி, காலையில் வழக்கம்போல் ஓடும் குழந்தைக்கு இருப்பது பெரும்பாலும் வளர்ச்சிக்கால வலியே. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

உடனே வர வேண்டிய அறிகுறிகள்

• காய்ச்சலுடன் காலை ஊன்ற மறுத்தல். கைக்குழந்தையாயின் ஒரு காலை அசைக்காதிருத்தல். மூட்டில் சீழ் பிடித்திருந்தால் சில நாள்களிலேயே குருத்தெலும்பு அழிந்துவிடும். இது அவசர நிலையாகும், அன்றே வருக.
• எப்போதும் ஒரே இடத்தில், ஒரு காலில் மட்டும் வலி.
• காலையிலும் நீடிக்கும் வலி, மூட்டு வீக்கம், உடல் எடை குறைதல்.
• காரணம் விளங்காத நொண்டல்.

குழந்தை நொண்டி நடப்பதை விளையாட்டு என்றோ, பள்ளிக்குச் செல்லாதிருக்கக் கூறும் சாக்கு என்றோ எண்ணிவிடாதீர்கள். நடையைக் கைப்பேசியில் படம்பிடித்து வந்தால் எங்களுக்கு அது பேருதவியாக இருக்கும். பரிசோதித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று கூறி அனுப்புவதும் எங்கள் பணியே. அதற்காக வரத் தயங்க வேண்டாம்.