கட்சி சாராதோர் அமர்ந்த ஆசனங்கள்

நாகப்பட்டினத்தில் 1844-இல் தோன்றி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்த தூய வளனார் கல்லூரி, 1919-இல் பிறந்த தேசியக் கல்லூரி, 1951-இல் எழுந்த ஜமால் முகமது கல்லூரி எனத் தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிகளை உருவாக்கி வந்த இக்காவிரிக்கரை நகரத்தில், கற்றோருக்குச் சட்டப் பேரவைக்கான வாக்கோடு சட்ட மேலவைக்கான வாக்கு ஒன்றும் இருந்த காலம் ஒன்றுண்டு என்பதை இன்றைய மாணவர்களில் எத்தனை பேர் அறிவர்?

அரசியல் சாசனத்தின் 171-ஆம் விதிப்படி, மேலவை அங்கத்தினரில் பன்னிரண்டில் ஒரு பங்கினரைப் பட்டதாரிகளும், அதே அளவினரை உயர்நிலைப் பள்ளி முதலாக மேல்நிலையில் போதிக்கும் ஆசிரியர்களும் தேர்ந்தெடுத்தனர். ஆறில் ஒரு பங்கினரை ஆளுநர் நியமித்தார். எந்தக் கட்சியின் கொறடாவுக்கும் கட்டுப்படாத ஒருவர், தாம் கற்றதையும் தம் மனச்சாட்சி உரைப்பதையும் மட்டுமே துணையாகக் கொண்டு சபையில் எழுந்து பேசுவதற்கு இவையே வழி செய்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தை 1942 முதல் 1969 வரை துணைவேந்தராக நடத்திய டாக்டர் ஆ. லட்சுமணசுவாமி முதலியார் அந்த மேலவையில் அமர்ந்தவர் என்றால், அதன் தரத்துக்கு வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

தனியொருவரின் குரலால் என்ன விளையும் என்று கேட்போர், ருக்மிணி தேவி அருண்டேலின் வரலாற்றை நினைத்துப் பார்க்க வேண்டும். 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற அவ்வம்மையார், வாயில்லாப் பிராணிகள் படும் இம்சையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அரசே அதற்கென ஒரு சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்த பின்னரே அதைத் திரும்பப் பெற்றார். அவ்வுறுதி 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டமாகப் பலித்தது. அவருக்குப் பின்னே கட்சி இல்லை, வாக்கு வங்கி இல்லை. அவர் யாருக்காக மன்றாடினாரோ அந்த ஜீவன்களுக்கு வாக்குரிமையே இல்லை! பின்னாளில் அதே சபையில் ஆர்.கே. நாராயண், பள்ளிக் குழந்தைகள் முதுகில் சுமக்கும் புத்தகப் பொதியைப் பற்றி மனமுருகிப் பேசியதும் இவ்வகையைச் சேர்ந்ததே.

ஆயினும் நியமனம் ஆள்வோரின் விருப்பத்துக்கு வளையக்கூடியது. 1952-இல் சென்னை மாநிலச் சட்டப் பேரவையில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றுத் தத்தளித்தபோது, ஆளுநர் ஸ்ரீபிரகாசா ராஜாஜியை மேலவைக்கு நியமிக்க, அவர் முதலமைச்சரானார். ராஜாஜியின் மேதையைப் போற்றுவதில் நான் எவருக்கும் பின்தங்கியவன் அல்லன். ஆனால் கலைக்கும் இலக்கியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தொண்டுக்கும் உரிய ஆசனம் மந்திரிசபை அமைக்கப் பயன்பட்டது முறையன்று என்றே கருதுகிறேன். எனவேதான், கற்றோரின் வாக்கால் வரும் சுயேச்சையை நியமனத்தால் வருபவரினும் மேலாக மதிக்கிறேன். அவர் எவர் தயவுக்கும் கடன்பட்டவர் அல்லர். கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த பத்தாம் அட்டவணையும் இவ்வேற்றுமையை அறிந்தே, நியமன அங்கத்தினர் ஆறு மாதத்துக்குள் ஒரு கட்சியில் சேர இடமளித்து, சுயேச்சையாக வென்றவர் கட்சியில் சேர்ந்தால் பதவியிழப்பார் என்று விதித்தது.

மறு ஆண்டே, ம.பொ.சிவஞானம் தலைவராக வீற்றிருந்த தமிழக மேலவை, 1986 நவம்பர் முதல் நாளன்று இல்லாமற் போயிற்று. 2010-இல் கருணாநிதி அரசு அதை மீட்கத் தீர்மானித்து, நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிய பின், 2011-இல் ஸ்ரீரங்கம் தொகுதியிலிருந்து தேர்வாகி முதலமைச்சரான ஜெயலலிதா அம்முயற்சியை நிறுத்திவிட்டார். செலவு என்றும், தோற்றவர்க்குப் புகலிடம் என்றும் மேலவையைப் பழிப்போரின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அப்பழி கட்சிகள் நிரப்பிய இடங்களைச் சாருமேயன்றி, ஆசிரியரும் பட்டதாரியும் நிரப்பிய இடங்களைச் சாராது. அவ்விடங்களையேனும் மீட்டுத் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை.

இன்று திருச்சியில் பட்டம் பெற்று மூன்றாண்டு கழித்துப் பெங்களூரில் நிலையாகக் குடியிருக்கும் ஒருவர், பெயரைப் பதிவு செய்துகொண்டு கர்நாடக மேலவையின் பட்டதாரித் தொகுதியில் வாக்களிக்கலாம். அவரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து பயின்று, ஸ்ரீரங்கத்திலேயே தங்கிவிட்ட அவருடைய தோழருக்கு அந்த உரிமை கிடையாது.