தையல் பிரித்த பிறகு



தலையில் அடிபட்டுக் கிடந்த ஒருவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டால் நாம் எல்லோரும் சந்தோஷப்படுகிறோம். அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகு வீட்டில் நடப்பதைக் குறித்து இந்த முறை எழுத விரும்புகிறோம்.

திருவேங்கடத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவர் சங்கரன்கோவிலுக்கு பைக்கில் போய்வருகிற விசைத்தறித் தொழிலாளி. தலைக்கவசம் இல்லாமல் விழுந்தார். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்து, தையல் பிரித்து, வீடு திரும்பிவிட்டார். கை கால் நன்றாயிருக்கிறது, பேச்சும் வருகிறது. ஆனால் காலையில் சொன்னது மத்தியானம் நினைவில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் யாராவது எழுப்பும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். சின்னச் சத்தத்துக்கும் பிள்ளைகள்மேல் பாய்கிறார். ஊசிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறார். "வேலைக்குப் போக மனசில்லை, நடிக்கிறார்" என்கிறார் மாமனார். காத்துக் கருப்பு என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். மனைவிக்கோ எதை நம்புவதென்று தெரியவில்லை.

இவை ஒவ்வொன்றுக்கும் மூளையில் காரணம் உண்டு. ஓடுகிற தலை சட்டென்று நிற்கும்போது உள்ளிருக்கும் மூளை நிற்பதில்லை. அது முன்னே போய் மண்டையோட்டின் கரடுமுரடான எலும்பில் மோதுகிறது. அதனால் அதிகம் நசுங்குவது நெற்றிக்குப் பின்னாலும் பொட்டுப் பக்கத்திலும் உள்ள பகுதிகள். ஒரு காரியத்தைத் தொடங்குவதும், கோபத்தை அடக்குவதும், புதிதாய்க் கேட்டதை நினைவில் வைப்பதும் அவற்றின் வேலை. வாசனை நரம்பும் அறுந்துபோகலாம். ஊசிப்போன குழம்பின் ரகசியம் அதுதான். நுண்ணிய நரம்பு இழைகள் அறுந்திருப்பது சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்ற வார்த்தையோடு மனைவியின் முறையீட்டைத் தள்ளிவிடக் கூடாது.

முதல் நாளில் போடுகிற மதிப்பெண் ஒன்று உண்டு. 1974-ல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்தது. கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் கூட்டி 3 முதல் 15 வரை வரும். உயிருக்குள்ள ஆபத்தை அறிய அது நல்லது. ஆனால் 15-க்கு 15 வாங்கியவர் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி மீதிச் சில்லறையோடு திரும்புவாரா என்று அது சொல்லாது. அதற்கு வேறு பரீட்சை வேண்டும். விழுந்த பின் எத்தனை நாள் கழித்து நினைவு தொடர்ச்சியாய் நின்றது என்று கேட்க வேண்டும். டீ போடச் சொல்லி, அடுப்பை அணைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மாதங்களைத் தலைகீழாய்ச் சொல்லச் சொன்னால், பள்ளிக்கூடம் போகாதவர் தோற்பது காயத்தாலா, படிக்காததாலா? கூலிக் கணக்கு கேளுங்கள், தெரிந்துவிடும். மனைவியிடம் தனியாகப் பேசுவது மிக முக்கியம். தன்னிடம் குறை இருப்பதையே அறியாதபடி செய்வதும் இந்தக் காயத்தின் குணம்தான்.

உயிரைக் காப்பதற்கும் வாழ்க்கையைத் திருப்பித் தருவதற்கும் நடுவிலுள்ள இடைவெளி நம் நாட்டில் பழையது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அங்கேயே மருத்துவராயிருந்த மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே அசைவிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். பாகாயத்தில் மறுவாழ்வு இல்லம் திறந்தது 1966-ல். இரண்டுக்கும் நடுவே 17 வருஷம்.

இன்றும் ஆம்புலன்சுக்கு 108 உண்டு. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. நாங்கள் சொல்வது அதற்குப் பின் வரும் வருஷங்களை. 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலைக்காயம் அதில் தனிப் பெயராக இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை பெரும்பாலும் செலவில்லாதவை. ஒரு நோட்டுப்புத்தகம், ஒரே இடத்தில். செய்ய வேண்டியதும் செய்ததும் அதில் எழுதப்பட வேண்டும். (நோட்டுப்புத்தகத்தின் படத்தைப் பார்த்து யாரும் மனம் உருகமாட்டார்கள் என்று அறிவோம். சக்கர நாற்காலி என்றால் படம் எடுப்பது எளிது.) மறந்ததை "யோசித்துப் பார்" என்று வற்புறுத்தாமல் சரியான பதிலை உடனே சொல்லிவிடுவது நல்லது. தப்பாய் ஊகித்தால் அந்தத் தப்பே மனதில் பதிந்துவிடும். வலிப்பு மாத்திரையை டாக்டரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது. குடி கூடவே கூடாது. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாயிருக்கும். பிறகு மெதுவாக, வருஷக்கணக்கில்.

வேலைக்குத் திரும்புவதுதான் கடினம். விசைத்தறியில் ஒரே நேரத்தில் பல தறிகளைக் கவனிக்க வேண்டும், சத்தமோ காதைப் பிளக்கும். காயம்பட்ட மூளைக்கு அதைவிடக் கொடுமை இல்லை. முதலாளியிடம் நேரில் போய்ப் பேசி, தறிக்கூடத்துக்கு வெளியே தார் சுற்றும் வேலையைக் கேட்கலாம். ஒரு மணி நேர வேலை, அரை மணி நேர ஓய்வு. பைக்கில் அல்ல, பஸ்ஸில்.