வரிசை காலில் இல்லை, வாயில்!
ஸ்பெயினில் சமாளிக்கச் சில சொற்கள்

ஸ்பெயின் நாட்டில் ஒரு சந்தை. காய்கறிக் கடை முன்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஒருவர் சுவர் ஓரம். ஒருவர் பழக்கூடை பக்கம். இரண்டு பெண்கள் ஊர்க்கதை பேசுகிறார்கள். வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர் ஒருவர் அங்கே வருகிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் ஓர் ஓரமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் வாங்கிக் கொண்டு போகிறார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டே இருக்கிறார்!

காரணம் என்ன?

அங்கே புதிதாக வருகிறவர் முதலில், "எல் உல்திமோ?" என்று கேட்க வேண்டும். "கடைசி ஆள் யார்?" என்று பொருள். கூட்டத்தில் ஒருவர் "யோ" என்பார். "நான்தான்" என்று பொருள். அவருக்கு அடுத்தது உங்கள் முறை. உங்களுக்குப் பின் ஒருவர் வந்து கேட்டால், நீங்கள் "யோ" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்!

இப்போது பல கடைகளில் எண் சீட்டு கொடுக்கிறார்கள். ஆனாலும் சந்தைகளில் இந்தப் பழைய வழக்கம் மறையவில்லை. ஸ்பானிய மொழி பேசும் கியூபா தீவிலும் இதே வழக்கம் உண்டு.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது பழமொழி. அங்கே அது முழு உண்மை.

ஏறக்குறைய 50 கோடிப் பேர்

ஏறக்குறைய 50 கோடிப் பேருக்கு ஸ்பானிய மொழி தாய்மொழி. மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா என்று சுமார் 20 நாடுகளில் அது ஆட்சி மொழி. 1492-ம் ஆண்டு கொலம்பஸ் கடல் கடந்து போனார். அதற்குப் பிறகுதான் அமெரிக்கக் கண்டத்தில் அந்த மொழி பரவியது.

தமிழ் நாக்குக்கு எளிது

இந்த மொழியில் உயிர் ஒலிகள் ஐந்துதான். ஆ, எ, இ, ஒ, உ. பெரும்பாலும் எழுதியபடியே படித்துவிடலாம். நம் "த" அங்கேயும் இருக்கிறது. "ஞ"வும் இருக்கிறது. "எச்" எழுத்து மட்டும் ஊமை. எழுதுவார்கள், ஒலிக்க மாட்டார்கள்.

தமிழில் "மேசை" என்கிறோம். அது போர்த்துக்கீசியரிடம் இருந்து வந்த சொல். போர்த்துக்கீசியமும் ஸ்பானியமும் உடன்பிறந்த மொழிகள். ஸ்பானியரும் மேசையை "மேசா" என்றுதான் சொல்கிறார்கள்!

நீ, நீங்கள் என்ற வேற்றுமையும் அங்கே உண்டு. "து" என்றால் நீ. "உஸ்தெத்" என்றால் நீங்கள். பெரியவர்களிடமும் முன்பின் தெரியாதவர்களிடமும் "உஸ்தெத்" சொன்னால் தவறு வராது.

முதலில் வணக்கம்

கடைக்குள் நுழைந்ததும் விலையைக் கேட்கக் கூடாது. முதலில் வணக்கம் சொல்ல வேண்டும்.

காலையில்: புவேனோஸ் தியாஸ்.
மதியச் சாப்பாட்டுக்குப் பின்: புவேனாஸ் தார்தெஸ்.
இரவில்: புவேனாஸ் நோச்செஸ்.
தயவு செய்து: போர் ஃபவோர்.
என்ன விலை?: குவாந்தோ குவெஸ்தா?
கழிப்பறை எங்கே?: தோந்தே எஸ்தா எல் பாஞ்ஞோ?

நன்றி சொல்ல மெக்சிகோவில் "கிராசியாஸ்" என்பார்கள். ஸ்பெயினின் பெரும் பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து "கிராத்தியாஸ்" என்பார்கள். எதைச் சொன்னாலும் எங்கும் புரியும்.

சைவம் என்று நம்பலாமா?

சைவச் சாப்பாட்டுக்காரர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஸ்பெயினில் "காய்கறி சாண்ட்விச்" என்று பெயர் எழுதியிருக்கும். உள்ளே முட்டையும் சூரை மீனும் இருக்கலாம்! ஆகவே, "நோ கோமோ கார்னே நி பெஸ்காதோ" என்று சொல்ல வேண்டும். "நான் இறைச்சியும் சாப்பிடுவதில்லை, மீனும் சாப்பிடுவதில்லை" என்று பொருள்.

உடம்புக்கு வந்தால்...

இங்கேதான் சொல் உயிரைக் காக்கும். வலிக்கும் இடத்தை விரலால் காட்டி, "மே துவேலே அகீ" என்றால் போதும். "இங்கே வலிக்கிறது" என்று பொருள். தலை, வயிறு, கால் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வாக்கியமே போதும். மருந்துக் கடைக்குப் பச்சைச் சிலுவை அடையாளம். ஆபத்து என்றால் ஸ்பெயினில் 112 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஓர் இடத்தில் ஏமாறுவார்கள். மலச்சிக்கலுக்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே ஸ்பெயினில் ஒரு சொல் இருக்கிறது. "கொன்ஸ்திபாதோ" என்பது அது. ஆனால் அதற்கு ஜலதோஷம் பிடித்தவர் என்று பொருள்! வயிற்றுக்கு மருந்து கேட்கப் போய், மூக்குக்கு மருந்து வாங்கி வர வேண்டியதுதான்.

புரியவில்லை என்றால்...

ஸ்பானியர்கள் வேகமாகப் பேசுவார்கள். வெட்கப்பட்டுத் தலையை ஆட்டக் கூடாது. தெரியாமல் தலையாட்டினால் வேண்டாத பொருளும் கைக்கு வந்து சேரும். "நோ எந்தியேந்தோ" என்று சொல்ல வேண்டும். "புரியவில்லை" என்று பொருள். "மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபவோர்" என்றால், "இன்னும் மெதுவாகப் பேசுங்கள்" என்று பொருள். கேட்டவர் சிரித்துக் கொண்டே மெதுவாகச் சொல்லுவார்.

தினம் இரண்டு சொல் வீதம், ஒரு வாரத்தில் இவ்வளவையும் பழகி விடலாம். வீட்டில் அம்மா கடைக்காரராகவும், பிள்ளைகள் வாங்க வருகிறவர்களாகவும் நடித்துப் பார்க்கலாம்.

பிறகு ஒரு நாள் அந்தச் சந்தையில் நிற்கும்போது, பின்னால் வந்த ஒருவர் "எல் உல்திமோ?" என்று கேட்பார்.

தயங்காமல் சொல்லலாம்: "யோ!"