படியில் பாசி... வயிற்றில் பட்டினி... ஸ்ரீரங்கத்துப் பெரியவங்க கீழே விழாமல் இருக்க என்ன வழி?

திருச்சி:

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறை. அமாவாசை காலை. காவிரியில் முங்கி எழுந்த பெரியவர்கள் ஒரு கையில் சொம்பு, இன்னொரு கையில் பையுடன் படியேறுகிறார்கள். ஈர வேட்டி காலைச் சுற்றுகிறது. கல்லில் பாசி. கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள ஒரு கைகூட காலியாக இல்லை.

'வயசாயிட்டா விழத்தான் செய்வாங்க' என்று வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். அது தப்பு. பெரும்பாலும் காரணம் இருக்கும், அதைத் தடுக்கவும் முடியும். உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதில் 60 வயதைத் தாண்டியவர்கள்தான் அதிகம்.

விரதமும் மாத்திரையும்

ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி விரதம் இல்லாத பெரியவர்கள் குறைவு. வைகுண்ட ஏகாதசி என்றால் கேட்கவே வேண்டாம். விடியும் முன்பே கூட்டத்தில் நிற்க வேண்டும். சர்க்கரைக்கு சில வகை மாத்திரையோ, இன்சுலின் ஊசியோ போட்டுக்கொண்டு பட்டினியாக நின்றால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும், ஆள் சாய்ந்துவிடுவார். அதற்காக மாத்திரையை தாங்களாகவே நிறுத்துவதும் ஆபத்து. விரதத்துக்கு நாலு நாள் முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். பையில் கொஞ்சம் கல்கண்டு இருக்கட்டும். தலை சுற்றினால் வாயில் போட வேண்டியதுதான். இதைச் சொன்னால் பாட்டிகளுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மார்கழியில் இன்னொரு சிக்கல். குனிந்து, உட்கார்ந்து வாசல் நிறையக் கோலம் போட்டுவிட்டு விருட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கி கிறுகிறுக்கும். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம். படுக்கையில் இருந்து எழும்போதும் இதே கதைதான். எழுந்து உட்கார்ந்து, ஒரு நிமிஷம் கழித்து நிற்க வேண்டும்.

மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையாரைப் பார்க்க 400-க்கும் மேற்பட்ட படி. ஏறும்போது மூச்சுதான் வாங்கும், இறங்கும்போதுதான் விழுவார்கள். தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே கண்ணாடி போட்டிருப்பவர்கள் அதன் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும். தலையை நன்றாகக் குனிந்து படியைப் பார்த்து, ஓரக் கம்பியைப் பிடித்து இறங்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஆபத்து

கோயிலைவிட வீட்டில் விழுபவர்களும் நிறைய. பழைய வீடுகளில் உயரமான நிலைப்படி, கொல்லைப்புறத்தில் கழிப்பறை. ராத்திரி இருட்டில் தடவிக்கொண்டு போவார்கள். வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். குளியலறையில் சோப்புத் தண்ணீர் தேங்கக்கூடாது. துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. சுவரில் கைப்பிடி அடித்துக் கொடுக்க பெரிய செலவு ஒன்றும் இல்லை. உள்ளே தாழ்ப்பாள் போடாமல் குளிக்கச் சொல்லுங்கள். விழுந்தால் கதவை உடைக்க வேண்டியிருக்காது.

காலில் பலம் இருந்தால் தடுமாற்றம் குறையும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது... தினமும் பத்துப் பத்து தடவை போதும். விழுந்துவிடுவோம் என்று பயந்து மூலையிலேயே உட்கார்ந்தால் கால் இன்னும் பலம் இழக்கும்.

விழுந்துவிட்டால்?

கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி நிறுத்தாதீர்கள். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பி இருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கலாம். எண்ணெய் தேய்ப்பது, நீவி விடுவது கூடவே கூடாது. நாள் தள்ளினால் படுக்கைப் புண், சளிக் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகும். அசைக்காமல் 108 ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லவும். பிள்ளைகள் வெளியூரில், தனியாக இருக்கும் பெரியவர்கள் மற்ற உதவிகளுக்கு முதியோர் உதவி எண் 14567-ல் பேசலாம். கட்டணம் கிடையாது.