ஆறின பாஸ்தாவின் வேதியியல்

இத்தாலியில் 'இன்சலாட்டா தி பாஸ்தா' என்று ஒன்று உண்டு. வேகவைத்த பாஸ்தாவை ஆறவிட்டு, காய்கறியும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, குளிர்ச்சியாகவே சாப்பிடுவது. வசந்த காலம் என்றால் பிஞ்சுப் பட்டாணி, ஆஸ்பராகஸ். செய்வது ரொம்பச் சுலபம். ஆனால் சூடான பாஸ்தாவுக்குச் சொல்லும் விதிகளில் பாதி இங்கே தலைகீழாகிவிடும்.

முதலில் வேகும் பதம். சூடான பாஸ்தாவை நடுவில் லேசான உறுதி இருக்கும்போதே இறக்கணும் என்பார்கள். இதற்கு அது சரிவராது. கொதிநீரில் மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சி உப்பி இளகுகிறது. ஆறும்போது அதன் மூலக்கூறுகள் மறுபடி நெருங்கி இறுகுகின்றன. ஃபிரிட்ஜ் குளிரில் இன்னும் வேகமாக. அதனால் பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக வேகவிடுங்கள். டியூரம் கோதுமை ரவையில் புரதம் அதிகம், சட்டென்று குழையாது.

அடுத்து, பச்சைத் தண்ணீரில் அலசலாமா? சூடான பாஸ்தாவை அலசக் கூடாது; மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் சாஸைப் பிடித்துக்கொள்ளும். சாலட்டில் அதே மாவு பசையாகிக் கட்டி கட்டியாக ஒட்டும். எனவே அலசி, நன்றாக வடித்து, உடனே கொஞ்சம் எண்ணெய் விட்டுப் புரட்டணும்.

பட்டாணியையும் ஆஸ்பராகஸையும் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டால் பச்சை நிறம் நிற்கும். எலுமிச்சைச் சாறு மட்டும் பரிமாறும்போதுதான். அமிலம் பட்டால் பச்சையத்தில் இருக்கும் மெக்னீசியம் வெளியேறி, நிறம் பழுப்பேறிவிடும். குளிர்ந்த உணவில் சுவையும் மங்கும். உப்பைக் குளிர்ந்த பிறகு ஒருமுறை ருசி பார்த்துச் சரிசெய்யுங்கள்.

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் முக்கியம். 2003-இல் பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்து, சனிக்கிழமை பிக்னிக்குக் கொண்டுபோனது. மீந்ததைத் திங்கட்கிழமை இரவு பிள்ளைகள் சாப்பிட்டார்கள். ஏழு வயதுச் சிறுமி இறந்துபோனாள். காரணம் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியா. அந்த வீட்டு ஃபிரிட்ஜின் வெப்பநிலை 14 டிகிரி.

இந்தக் கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி, அது உண்டாக்கும் நச்சை மறுபடி சூடாக்கியும் அழிக்க முடியாது. அதனால் சாலட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் 5 டிகிரிக்குக் கீழே இருக்கிறதா என்று ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 'ஃபிரிட்ஜில்தானே இருந்தது' என்பது மட்டும் போதாது.