எரிதலா, வாயுவாக்கமா? மூன்று கேள்விகளில் பிரித்தறிவோம்

"நெருப்பில் போட்டால் எல்லாமே எரிதல்தானே டீச்சர்?" வேதியியல் வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால், "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு நகரக்கூடாது. ஏன் இல்லை என்று காட்டினால் தேர்வுக்கும் உதவும், வாழ்க்கைக்கும் உதவும்.

நம் பீடோங் பக்கத்துக் காட்சியிலிருந்தே தொடங்குவோம். செம்பனை ஆலையில் பழத்தின் நாரையும் ஓட்டையும் கொதிகலன் அடுப்பில் போட்டு நீராவி எடுக்கிறார்கள். அடுப்புக்குள் தேவைக்குச் சற்றுக் கூடுதலாகவே காற்று போகிறது. கார்பன் ஏறக்குறைய முழுவதும் கரிவளியாக மாறுகிறது. வெப்பம் அங்கேயே வெளிப்படுகிறது. இது எரிதல், மலாய்ப் பாடநூலில் பெம்பாக்காரான்.

அடுத்தது, ஜப்பானியர் காலத்தில் மலாயாவில் கரியில் ஓடிய வண்டிகள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் தமிழ்நாட்டிலும் அப்போது கரி பஸ் ஓடியது. வண்டியில் பொருத்திய கலத்தில் மரக்கரியைப் போட்டு, காற்றை அளவாக மட்டும் விடுவார்கள். முழுமையாக எரியத் தேவையானதில் ஏறக்குறையப் பாதிதான். கட்டை, உமி என்றால் இன்னும் குறைவு. கிடைப்பது கார்பன் மோனாக்சைடும், நீராவி சேர்ந்தால் ஹைட்ரஜனும். இந்த வாயுதான் இன்ஜினுக்குள் போய் எரியும். கலத்துக்குள் நடந்தது வாயுவாக்கம். இன்ஜினுக்குள் நடந்தது எரிதல்.

கணக்கைப் பாருங்கள். 1 மோல் (12 கிராம்) கார்பன் கரிவளியாக மாறினால் 394 கிலோஜூல் வெப்பம். கார்பன் மோனாக்சைடோடு நின்றுவிட்டால் 111 கிலோஜூல்தான். மீதி 283? அது வாயுவுக்குள்ளேயே இருக்கிறது. பிறகு எரியும்போது வெளிவரும். 111 + 283 = 394. ஹெஸ் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அப்படியானால் காற்றுப் போதாமல் புகையும் குப்பை வாயுவாக்கமா? இல்லை. வாயுவைப் பிடித்து யாரும் பயன்படுத்தவில்லை. 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவில் தடை செய்யப்பட்ட திறந்தவெளி எரிப்பில், புகைந்துகொண்டிருப்பதும் அடங்கும்.

சட்டத்தில் பெயர் முக்கியம். சிலாங்கூர், புரோகாவில் நாளொன்றுக்கு 1,500 டன் குப்பையைக் கையாளத் திட்டமிட்ட ஆலையை வாயுவாக்க ஆலை என்றார்கள். ஊர்மக்களோ அதைக் குப்பை எரிக்கும் ஆலை என்றே எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். 2007இல் திட்டம் கைவிடப்பட்டது. முதல் அறையில் வாயுவாக்கம், அடுத்த அறையில் அதே வாயுவைச் சுத்திகரிக்காமல் எரிப்பது என்றால், புகைபோக்கியில் வருவது எரிந்த புகைதானே?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டுத் தொழிலக உமிழ்வுச் சட்டம் இதைத் தெளிவாக்குகிறது. குப்பையை வாயுவாக்கும் ஆலைக்கும் எரிப்பு ஆலையின் விதிகளே பொருந்தும். எரிப்பதற்கு முன்பே வாயு குப்பை என்ற நிலையைத் தாண்டும் அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்டு, இயற்கை எரிவாயுவைவிடக் கூடுதலாக மாசு தராவிட்டால் மட்டுமே விலக்கு.

ஆக, எந்த ஆலையைப் பற்றிக் கேட்டாலும் இந்த மூன்றையும் கேளுங்கள்:

1. உயிர்வளி போதுமா, குறைவா?
2. வெளிவருவது கழிவுப் புகையா, எரியக்கூடிய வாயுவா?
3. அந்த வாயு எங்கே, சுத்திகரித்த பிறகா முன்பா எரிகிறது?

முதல் இரண்டும் தேர்வில் மதிப்பெண் தரும். மூன்றாவது, நாளை நம் ஊருக்கே ஓர் ஆலை வரும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி.