பரவைக்கடலுக்குப் பழைய படகு: வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1995 இலும் 2000 இலும் இடம்பெயர்ந்து, 2009 இற்குப் பின் படிப்படியாக அரியாலைக்குத் திரும்பிய கடற்றொழில் குடும்பங்கள் பலவற்றுக்கு வீடும் கிணறும் ஓரளவு சரியானவுடன் எழும் அடுத்த கேள்வி படகு. புதுப் படகுக்கும் புது இயந்திரத்துக்கும் சேர்த்துக் காசு புரட்டுவது எல்லோராலும் முடிவதில்லை. சுழற்சிக் கடன், அடகு வைத்த நகை, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்பிய பணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பழைய படகு ஒன்றை வாங்குவதே வழமை. அப்படி வாங்கிய படகு ஒரு பருவத்திலேயே ஒழுகத் தொடங்கினால் தொழிலும் போகும், கடனும் நிற்கும். அதைத் தவிர்க்க உதவும் விடயங்களை இப்பகுதி விளக்குகின்றது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். பழைய படகில் மலிவு என்பது விற்பவர் சொல்லும் விலையில் இல்லை. உங்கள் தண்ணீருக்குப் பொருந்துவதும், உங்கள் பெயரில் பதியக்கூடியதும், அடுத்த பருவமும் ஓடக்கூடியதுமான படகே மலிவான படகு.

முதலில் தண்ணீரை அளவுங்கள்

யாழ்ப்பாணக் கடல்நீரேரி ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஒரு பாகம் தண்ணீர்கூட இராது. வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் முழங்கால் அளவு தண்ணீர் உள்ள இடத்தில் அந்தச் சிறு வேறுபாடே படகு மிதக்குமா, தரைதட்டுமா என்பதைத் தீர்மானிக்கும். ஆழ்கடலுக்குச் செய்யப்பட்ட படகு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வந்தால், ஒவ்வொரு வற்றிலும் இறங்கித் தள்ள வேண்டிவரும்.

ஆகவே படகு பார்க்கப் போவதற்கு முன், அங்குலக் கணக்கில் அடையாளமிட்ட கம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் தண்ணீரை அளந்து பாருங்கள். படகு கட்டும் இடம், வெளியே போகும் வாய்க்கால், வலை போடும் இடம் ஆகிய மூன்றிலும் வற்றின்போது இருக்கும் ஆழத்தைக் குறித்து வையுங்கள். அவற்றுள் மிகக் குறைந்த ஆழமே உங்கள் படகைத் தெரிவு செய்யும் அளவு.

காற்றையும் கணக்கில் எடுங்கள். அரியாலைக் கரை தெற்கே கடல்நீரேரியைப் பார்த்திருக்கிறது. சோளகக் காற்று நீர்ப்பரப்பைக் கடந்து வந்து கரையில் மோதும். அலை சிறிதென்றாலும் நெருக்கமாக அடிக்கும். வாடைக்காற்று தரையிலிருந்து வெளியே தள்ளும். கரையோரம் அமைதியாகத் தெரிந்தாலும், இயந்திரம் நின்றுபோனால் படகு கரையைவிட்டு விலகும். மிகத் தாழ்ந்த விளிம்புள்ள படகு சோளகத்தில் தண்ணீர் ஏற்றும். மிக உயர்ந்த விளிம்புள்ள படகைக் காற்று இழுத்துச் செல்லும். அதைக் கம்பு ஊன்றி நகர்த்துவதும் கடினம்.

படகு எவ்வளவு தாழும்?

இதைக் கண்ணால் மதிப்பிடுவதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 16 அடி நீளமும் 4 அடி அகலமும் கொண்ட, அடி தட்டையான படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அணியம் ஒடுங்கியிருப்பதால் தண்ணீரைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 50 சதுர அடி. அத்தகைய படகில் 120 கிலோ ஏற ஏற, ஏறத்தாழ ஓர் அங்குலம் தாழும். படகு 170 கிலோ, இயந்திரம் 30, இரண்டு பேர் 130, வலையும் மீனும் 80, எரிபொருள் 20 என்றால் மொத்தம் 430 கிலோ. படகு நான்கு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகத் தாழும். அடிப்பாகம் கூராக உள்ள படகு இதே பாரத்துக்கு இன்னும் ஆழமாக அமிழும். அது அலையை நன்றாக வெட்டும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நன்மை ஆழ்கடலில்தான் அதிகம் பயன்படும்.

படகின் உடலைவிட இயந்திரத்தின் கால் ஆழமாகப் போகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விசிறியும் அதற்குக் கீழுள்ள துடுப்புப் போன்ற பகுதியும் படகின் அடியிலிருந்து மேலும் 9 அல்லது 10 அங்குலம் இறங்கும். அதாவது நான்கு அங்குலத் தண்ணீரில் மிதக்கும் படகு, இயந்திரத்தை இறக்கியதும் ஒன்றேகால் அடித் தண்ணீர் கேட்கும். அதற்குக் குறைந்த ஆழத்தில் இயந்திரத்தை உயர்த்திவிட்டுக் கம்பு ஊன்றித்தான் போக வேண்டும். எனவே வாங்கும் படகை இரண்டு பேர் கம்பு ஊன்றி நகர்த்த முடிகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

ஆழமில்லாத இடத்தில் விசிறியை ஓட்டுவதால் இன்னொரு கெடுதியும் உண்டு. அது சாதாளையை வெட்டிக் கிளறும். சாதாளையிலேதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கின்றன. அறுந்த சாதாளை விசிறியில் சுற்றி இயந்திரத்தையும் சூடாக்கும். சிறகுவலைத் தடிகளும் கடலட்டைப் பண்ணை வேலிகளும் உள்ள இடத்தில், அகலம் குறைந்த, சொன்னபடி திரும்பும் படகு அயலவரோடு வரும் பிணக்கையும் குறைக்கும்.

பைபர் படகின் உடலைச் சோதித்தல்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையின் கரையோரமெங்கும் பெருந்தொகையான பைபர் படகுகள் அவசர அவசரமாகக் கட்டி வழங்கப்பட்டன. அவற்றுள் நல்லவையும் உண்டு. போதிய தடிப்பில்லாமல் செய்யப்பட்டவையும் உண்டு. கைமாறி வரும் பழைய படகு எங்கே, எப்போது கட்டப்பட்டதென்று விசாரியுங்கள். பதில் எதுவானாலும் பின்வரும் சோதனைகளை நீங்களே செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில், படகைக் கரையில் ஏற்றி, முற்றாக வெறுமையாக்கிய பின்பே பாருங்கள்.

தட்டிப் பாருங்கள். நாணயக் குற்றியால் அணியத்திலிருந்து பின்பக்கம் வரை தட்டிக்கொண்டு போங்கள். நல்ல இடம் இறுக்கமான ஓசை தரும். மங்கலான, செத்த ஓசை வரும் இடத்தில் பைபர் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கும் அல்லது உள்ளே தண்ணீர் ஊறியிருக்கும்.

வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு இல்லாத இடத்தில், வெயில் படும்போது உள்ளிருந்து பார்த்தால் மெல்லிய பகுதி வெளிச்சமாகத் தெரியும். அடிப்பாகத்தில் அப்படித் தெரிந்தால் அந்தப் படகு மணலில் அதிக காலம் உரசலைத் தாங்காது.

அடியைப் பாருங்கள். மணலிலும் கல்லிலும் இழுத்ததால் ஏராப் பகுதி தேய்ந்து, பைபர் நார் வெளியே தெரிகிறதா? பாரம் தாங்கும் மூலைகளில் சிலந்தி வலை போல் வெடிப்புகள் உள்ளனவா? மேற்பூச்சில் மட்டும் உள்ள வெடிப்பை அடைத்துக்கொள்ளலாம். விரலால் அழுத்தும்போது உள்வாங்கும் வெடிப்பு ஆபத்தானது.

பின்பலகையைச் சோதியுங்கள். பழைய படகில் முதலில் கெடுவது இயந்திரம் பூட்டும் இந்தப் பலகைதான். பைபருக்குள் மரம் வைத்துக் கட்டப்பட்டிருப்பதால், ஆணித்துளைகள் வழியே தண்ணீர் இறங்கி மரம் உக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. இயந்திரத்தைப் பூட்டி, அதன் காலைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். பலகை அசைந்தாலோ, துளையிலிருந்து கபில நிறத் தண்ணீர் கசிந்தாலோ, பலகை முழுவதையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழியுங்கள். இல்லாவிட்டால் அந்தப் படகை விட்டுவிடுங்கள்.

தூக்கிப் பாருங்கள். ஒரே அளவான இரண்டு படகுகளில் ஒன்று அளவுக்கு மீறிப் பாரமாக இருந்தால், மிதப்புப் பெட்டிகளுக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். கவிழ்ந்தால் உங்களை மிதக்க வைப்பது அந்தப் பெட்டிகள்தான்.

படகுக்குள் மூன்று நான்கு அங்குலம் தண்ணீர் ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டால், ஒழுகும் இடம் வெளிப்பக்கத்தில் ஈரமாகத் தெரியும். அண்மையில் பூசிய பெயின்ற் பளபளத்தால் இந்தச் சோதனையை இன்னும் கவனமாகச் செய்யுங்கள். மர வள்ளமானால் கூரான கத்தி நுனியால் அடிப்பலகையை மெல்லக் குத்திப் பாருங்கள். கடற்புழு துளைத்த மரம் மேலே நல்லது போலத் தெரிந்தாலும் உள்ளே பொருக்காக இருக்கும்.

இயந்திரம்: வலு அல்ல, தேவை

போர்க்காலத்தில் தொழிலுக்குப் போகும் நேரமும் தூரமும் இயந்திர வலுவும் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. அவை நீங்கிய பிறகு பெரிய இயந்திரம் வேண்டுமென்ற ஆசை எழுவது இயல்பு. ஆனால் கரையிலிருந்து பார்வை எட்டும் தூரத்தில் நண்டு வலையோ இறால் வலையோ போடுபவருக்கு 25 குதிரைவலு தேவையில்லை. டூ-ஸ்ரோக் இயந்திரம் முழு வேகத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குடிக்கும் எரிபொருள், 8 குதிரைவலுவில் ஏறத்தாழ 4 லீற்றர், 15 இல் 7 லீற்றர், 25 இல் 12 லீற்றர். இந்த வித்தியாசத்தை நாளாந்தப் பிடிப்பிலிருந்துதான் செலுத்த வேண்டும்.

கால் நீளத்தையும் அளவுங்கள். குட்டைக் கால் இயந்திரம் 15 அங்குல உயரப் பின்பலகைக்கும், நீளக் கால் 20 அங்குலப் பலகைக்கும் உரியது. 15 அங்குலப் பலகையில் நீளக் காலைப் பூட்டினால் விசிறி மேலும் 5 அங்குலம் இறங்கும். பரவைக்கடலில் அது தரையை உழும்.

இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையில் நீங்களே இழுத்துத் தொடக்குங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். ஓடும்போது குளிராக்கும் தண்ணீர் விடாமல் பீச்ச வேண்டும். கீழ்ப்பெட்டி எண்ணெய் பால் போல் வெளுத்திருந்தால் உள்ளே உப்புத்தண்ணீர் போயிருக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமானால், பெற்றோலில் தொடக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றும்போது நின்றுபோகிறதா என்றும் பாருங்கள். பழக்கமான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்வதற்குக் கொடுக்கும் காசு வீண் செலவாகாது.

பத்திரங்கள் இல்லாத படகு வேண்டாம்

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரினவளங்கள் சட்டத்தின்படி மீன்பிடிப் படகுகள் பதியப்பட வேண்டும். படகிலுள்ள இலக்கமும் பதிவுப் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா, விற்பவரின் பெயர்தானா பத்திரத்தில் உள்ளது என்று அடையாள அட்டையோடு ஒப்பிடுங்கள். இயந்திரத்தின் தொடரிலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். திருட்டுப் பொருளென்று தெரியவந்தால் இழப்பு உங்களுடையது.

முற்பணம் கொடுக்கும் முன் கடற்றொழில், நீரியல் வளத் திணைக்களத்தின் பரிசோதகரிடமும், விற்பவரின் ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திடமும் விசாரியுங்கள். படகின் மீது கடன் நிலுவை உண்டா, அது உதவித்திட்டத்தில் கிடைத்துக் குறித்த காலத்துக்கு விற்கக்கூடாதென்ற நிபந்தனை உடையதா என்பவை அங்கேதான் தெரியவரும். விற்பனை உடன்படிக்கையை எழுத்தில் செய்து, சாட்சிகளோடு கையொப்பமிட்டு, உரிமை மாற்றத்தையும் தாமதமின்றிப் பதியுங்கள்.

பெண் தலைமை தாங்கும் குடும்பம் படகை வாங்கி வேறொருவரைத் தொழிலுக்கு விடுவதானால், படகும் இயந்திரமும் வாங்கிய பெண்ணின் பெயரிலேயே பதியப்பட வேண்டும். இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வாங்கினால் பங்கு, திருத்தச் செலவு, பிரிந்தால் யாருக்கு எது என்பவற்றை வாங்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். உறவுக்குள் எழுதுவது கூச்சமாக இருக்கலாம். பிறகு வரும் மனத்தாங்கலைவிட அது சிறிது.

படகோடு தங்கூசி வலையும் சேர்த்துத் தருகிறேன் என்று சொன்னால் அதற்கு விலை கொடுக்காதீர்கள். அது தடைசெய்யப்பட்ட வலை.

விலையைக் கூட்டிப் பார்த்தல்

கேட்கும் விலை, உடனடித் திருத்தச் செலவு, பதிவுச் செலவு, ஒரு மாத எரிபொருள் ஆகிய நான்கையும் கூட்டினால் வருவதே படகின் உண்மையான விலை. குறையும் காசை மீன் வியாபாரியிடம் முற்பணமாக வாங்குவது எளிது. ஆனால் அந்தக் கடன் தீரும்வரை பிடிப்பை அவருக்கே, பெரும்பாலும் அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். கிலோவுக்கு எவ்வளவு குறையும் என்று கேட்டு, ஒரு மாதப் பிடிப்பால் பெருக்கிப் பாருங்கள். சங்கக் கடனின் வட்டியோடு ஒப்பிட்ட பிறகு முடிவெடுங்கள்.

பற்றைக்குள் கிடக்கும் படகு

முன்னர் போர்முனையாக இருந்த பகுதிகளின் கரையோரங்களில் கைவிடப்பட்ட படகோ இயந்திரமோ கிடந்தால் எடுக்கப் போகாதீர்கள். மிதிவெடி அகற்றப்பட்டதென்று உறுதிப்படுத்தப்படாத இடத்தில் பாதையைவிட்டு ஓர் அடியும் வைக்கக்கூடாது. சிவப்பு மண்டையோட்டுப் பலகை காணாமற்போயிருந்தாலும் ஆபத்து நீங்கியதாகக் கருத வேண்டாம். சந்தேகத்துக்கிடமான பொருளைக் கண்டால் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். படகு இறக்குவதற்கு மற்றவர்கள் நாளாந்தம் பயன்படுத்தும் துறையையே பயன்படுத்துங்கள்.

கடைசியாக, முழுக் காசையும் எண்ணிக் கொடுக்கும் முன் ஒரு நாள் உங்கள் சொந்தத் துறையில் படகை இறக்கி ஓட்டிப் பாருங்கள். வலையும் ஆளும் ஏற்றி, வற்று நேரத்தில், நீங்கள் அளந்து குறித்த வாய்க்காலால் போய் வாருங்கள். திரும்பி வந்ததும் படகுக்குள் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதென்று பாருங்கள். அப்படி ஓட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் வேறு படகு தேடுங்கள். படகு வாங்கியதும் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி, நங்கூரம், தண்ணீர் இறைக்கும் பாத்திரம், நீளக் கம்பு ஆகிய நான்கையும் படகிலேயே வைத்திருங்கள்.